மூன்றாவது ஓட்டம்

"ஏரி ஒடைஞ்சிகிச்சு! மேட்டுக்கு ஓடுங்க!"

தெருவில் கலியன் கத்திக்கொண்டே ஓடினார். அம்சவல்லியின் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் கீழே விழுந்தது.

கட்டிலில் கிடந்த கணவன் குழந்தைவேலுக்கு ஒரு பக்கம் கையும் காலும் வராது. "என்னை வுட்டுட்டு நீ ஓடு," என்றார்.

"சும்மா கெடங்க நீங்க!"

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஏரி உடைந்தபோதுதான் அவள் தங்கச்சி தண்ணீரோடு போனாள். மூன்றாம் நாள்தான் உடம்பு கிடைத்தது. அன்றிலிருந்து மழை என்றாலே அம்சவல்லிக்குத் தூக்கம் வராது.

அதற்குள் பக்கத்து வீட்டு மதிவாணனும் இன்னும் மூன்று பேரும் உள்ளே நுழைந்து, குழந்தைவேலைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சுரங்க மண்ணைக் கொட்டிய மேட்டில் ஊரே ஏறி நின்றது. மழை விடவில்லை. எல்லார் கண்ணும் ஏரிப் பக்கம் போனது.

கரை அப்படியேதான் இருந்தது.

"இன்னைக்கும் பொய்யா?" மதிவாணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை. ரெண்டு முறை ஏமாந்த ஊர்தான், ஆனாலும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க யாருக்குத் தைரியம்?

"இந்தக் கலியன் சுரங்கத்துல கான்ட்ராக்ட்ல இருக்கிற ஆளு. பெர்மனென்ட் வேலை வாங்கித் தரேன்னு எவனோ நெல புரோக்கர் ஆசை காட்டியிருக்கான். நாம பயந்துகினு நெலத்தை வித்துட்டு ஊரைக் காலி பண்ணணும், அதான் திட்டம்!" என்றான் மதிவாணன்.

கடைசி ஆளாக மூச்சு வாங்க மேடேறி வந்தார் கலியன். அம்சவல்லி ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"நீயெல்லாம் மனுசனா அண்ணே? என் தங்கச்சியத் தண்ணிக்குக் குடுத்தவ நான். ஏன் இப்படி உசுர எடுக்கிற?"

கலியன் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. செல்போனைத் துடைத்து மணி பார்த்தார்.

"பதினெட்டு நிமிசம்."

"என்ன பதினெட்டு?"

"சுரங்கத்துல மாசாமாசம் சைரன் அடிச்சு எங்கள ஓடவுட்டுப் பழக்குவாங்க தங்கச்சி. நெஜமா ஒண்ணு நடந்தா காலு தானா ஓடணும்ல. நம்மூர்லயும் பழகலாம் வாங்கன்னு வூடு வூடா கூப்பிட்டேன். மூணே பேருதான் வந்தாங்க. வேற வழி தெரியல, பொய் சொல்லிட்டேன்."

கலியன் கட்டிலில் கிடந்த குழந்தைவேலைக் கைகாட்டினார்.

"மொத தடவை ஊரு மேடேற ஒரு மணி நேரம் ஆச்சு. உன் புருசனைத் தூக்க ஒரு ஆளு வரல. இன்னைக்குக் கூப்பிடாமலே நாலு பேரு வந்தாங்க."

அம்சவல்லியின் பிடி தளர்ந்தது. கண்ணீரோடு கையெடுத்துக் கும்பிட்டாள். "அதான் பழகிட்டோமே அண்ணே. இனிமே இப்படிக் கத்தாத. மனசு தாங்கல."

கலியன் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"கரை ஒடைஞ்சா தண்ணி உன் வூட்டுக்கு வரப் பதினஞ்சு நிமிசம்தான். இன்னும் மூணு நிமிசம் கொறையணும் தங்கச்சி."