கைக்கெட்டும் கூடு

கிணற்றின் மேல் சாய்ந்த கருவேல மரத்தில் ஒரு தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தது. அந்த வழியாகப் போன ஒரு மனிதர் அண்ணாந்து பார்த்து, "என்ன கலை, என்ன நேர்த்தி" என்று கண் கலங்கினார். குருவிக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு நன்றாகத் தெரியட்டுமென்று, பாதிக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு, பாதையோரம் தாழ்ந்திருந்த கிளையில் புதிதாக ஒன்றைப் பின்னியது. அதன் ஜோடிப் பெண்குருவி அதில் முட்டையிட்டது.

"ஏன் தம்பி, கிணத்துக்கு மேல கட்டுனா பாம்பும் வராது, மனுசனும் வரமாட்டான். இங்க எதுக்கு?" என்றது காகம். அதன் கூடு துருப்பிடித்த கம்பியும் விளக்குமாற்றுக் குச்சியுமாக உச்சிக்கிளையில் கிடந்தது.

"உங்க கூட்டை எவனாவது ஏறெடுத்துப் பார்த்திருக்கானா அண்ணே?"

"இல்லப்பா. அதனாலதான் எம்பிள்ளைங்க உள்ள இருக்கு."

மறுநாள் கண் கலங்கிய அதே மனிதர் அரிவாளோடு வந்தார். கூட்டை அலுங்காமல் அறுத்தெடுத்து, முட்டைகளைப் புல்லில் கொட்டினார். கூட்டுக்குள் ஒரு சின்ன பல்பைப் பொருத்தி, வீட்டுக் கூடத்தில் தொங்கவிட்டார்.

ஜன்னலில் உட்கார்ந்து குருவி அழுதது. உள்ளே விருந்தாளிகள் கூட்டைச் சுற்றி நின்று புகழத் தொடங்கினார்கள். குருவி அழுகையை நிறுத்திவிட்டு, நன்றாகக் காதில் விழும்படி கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தது.