முந்திக்கொண்டவர்

“இரு, உனக்கு முன்னாடி நான் போயிட்டு வந்துடறேன்!”

கணவர் எழுந்தேவிட்டார். நியாயமாகப் பார்த்தால் அது அவள் முறை.

இரண்டு பேருக்குமே சொத்தைப் பல். குடையும் மிஷின் இல்லாமல் லேசரில் முடித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இந்தப் பல் டாக்டரிடம் வந்ததே. ஆனால், அவள் வாயைப் பார்த்ததுமே டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

“இது முன்னாடி வெள்ளி வச்சு அடைச்ச பல்லும்மா. அதை எடுக்க லேசர் உதவாது. பழைய மிஷின்தான். கொஞ்ச நேரம் வெளியில உக்காந்து தைரியப்படுத்திக்கிட்டு வாங்க.”

அப்போது வெளியே வந்து உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சின்ன வயதில் அந்த மிஷினிடம் பட்ட பாடு அவளுக்குத்தானே தெரியும்!

“என்னங்க, இங்க ஒருத்தி உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்...”

“அதான் சொல்றேன். சட்டுனு முடிச்சுட்டு வந்துடறேன்.”

போயே போய்விட்டார். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற மகாவீரர்! இவள் பயந்துபோய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் தன் பல் வைத்தியம் நின்றுவிடுமே என்ற அவசரம். என்ன மனிதரோ! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ‘கொய்ங்ங்...’ என்று சத்தம்.

அதே மிஷின்! அப்படியானால் அவருக்கும் லேசர் இல்லையா? கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். ஓடிவிடலாமா?

கதவு திறந்தது. சட்டையெல்லாம் வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்க, கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார் கணவர்.

“ரொம்ப வலிச்சுதா?”

“மரத்துப்போக ஊசி போட்டுடறாங்க. அப்புறம் வெறும் சத்தம்தான். சத்தியமா! நானே தாங்கிட்டேன், நீ தாங்க மாட்டியா?”

அதுவும் சரிதான். இவரே தாங்கியிருக்கிறார் என்றால்... கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நிஜமாகவே வெறும் சத்தம்தான். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டாள்:

“அவருக்கும் வெள்ளி அடைச்ச பல்தானா டாக்டர்?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

“அவருக்குச் சின்னச் சொத்தைம்மா. லேசரே போதும்னு எவ்வளவோ சொன்னேன். ‘அந்த மிஷினையே வைங்க டாக்டர். வலிக்காதுன்னு அவகிட்ட நான் பொய் சொல்லாம சொல்லணும்’னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார்!”