கங்காணி குடித்த கஷாயம்

மலாயாவின் செடெனாக் தோட்டத்தில், மகனுக்குப் பெண் பார்க்க வந்த வீட்டில் கங்காணி வேலப்பன் பலகாரத்தைத் தொடவில்லை.

"கை நனைச்சா சம்மதம்னு அர்த்தம். பொண்ணு லட்சணம்தான். ஆனா கங்காணி குடும்பம் போயி, வேர் இடிக்கிற வைத்தியர் வீட்லயா..." என்று எழுந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வயிறு மத்தளமாக ஊதியிருந்தது.

பெண்ணின் தகப்பனார், வைத்தியர் தங்கராஜு, தட்டிப் பார்த்தார். "தின்னது குடல்ல தங்கிப் புளிக்குதுங்க. சுக்கும் ஓமமும் பெருங்காயமும் போட்ட கஷாயம் தரேன்."

"உயிரே போனாலும் முறை தப்பமாட்டேன்!"

அடுத்த பொருமலில் முறை தளர்ந்தது. மணப்பெண் பவளக்கொடி நீட்டிய கஷாயத்தை ஒரே மூச்சில் குடித்தார். வந்த ஏப்பத்தில் வாசல் கோழிகள் சிதறி ஓடின.

"ஐயோ, கை நனைச்சிட்டீங்களே!" என்று அலறினாள் அவர் மனைவி பேச்சியம்மாள்.

"அலமாக்!" என்று மலாயில் அங்கலாய்த்துத் தலையில் கை வைத்த கங்காணி, நிமிர்ந்து மீசையை முறுக்கினார். "நம்ம வீட்டுச் சொல்லு மாறாது. சம்பந்தி, நாள் பாருங்க!"

சமையல்கட்டில் பேச்சியம்மாள் பவளக்கொடியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"நீ சொல்லியனுப்பினபடியே காலையில மொச்சையும் பலாக்கொட்டையும் அவிச்சு வச்சேன்டி, மருமகளே. மனுஷன் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்னாரு!"