நன்றாக வெந்தது

அறைக்கதவின் நிலையில் சாய்ந்து நின்றான். அங்கே நின்றால்தான் இரண்டு சாப்பாடும் கண்ணுக்குத் தெரியும்.

உள்ளே கட்டிலில் மனைவி சுகிர்தா. மடியில் தட்டு. குழைய வடித்த சோறு, நார்நாராகப் பிய்த்த கோழி, உப்பு மட்டும்.

வெளியே சோபாவின் மறைவில் பூண்டு. வெள்ளைப் பூனை. அதன் கிண்ணத்திலும் அதே கோழிதான்.

இரண்டையும் யாரும் தொடவில்லை.

ஆறு வருடமாகப் பூண்டுக்குப் பச்சைக் கறிதான். ஞாயிறுதோறும் சுகிர்தா சின்னத் தராசை எடுத்து வைத்துக்கொள்வாள். நெஞ்சுக்கறி இவ்வளவு, ஈரல் இவ்வளவு, எலும்போடு அரைத்தது இவ்வளவு. டப்பாக்களில் அடைத்து மூடிமேல் கிழமை எழுதுவாள். எனக்குக்கூட நீ இப்படிப் பார்த்துப் பார்த்துச் சமைத்ததில்லை என்பான் இவன். பூண்டுக்கு நான் சமைக்கிறதே இல்லையே, எல்லாம் பச்சைதானே என்று சிரிப்பாள்.

மூன்றாவது முறை கீமோ ஏற்றியதும் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன. பச்சைக் கறி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்றார் டாக்டர். ஒரு சின்னக் கிருமியைக்கூட இந்த உடம்பு தாங்காது.

அன்றே ஃபிரிட்ஜைக் காலி செய்தான். வெந்நீரால் துடைத்தான். மூடிகளில் இருந்த அவள் கையெழுத்தைப் பார்க்காமல் குப்பையில் போட்டான்.

அன்றோடு பூண்டு சாப்பாட்டை நிறுத்தியது. வேகவைத்ததை மோந்து பார்க்கும். கடையில் வாங்கிய டின் மீனையும் மோந்து பார்க்கும். பிறகு ஃபிரிட்ஜின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்று மூன்றாம் நாள். இதற்குமேல் பட்டினி கிடந்தால் பூனையின் ஈரல் கெட்டுவிடும் என்று கால்நடை மருத்துவர் காலையில் போனில் சொன்னார்.

தங்கை வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டுப் பார்த்தான். சுகிர்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்கும் எதை வாயில் வைத்தாலும் இரும்பாய்க் கரிக்கிறது. நேற்றிலிருந்து வெறும் தண்ணீர்.

"அவன் சாப்பிட்டா நானும் சாப்பிடுறேன்."

பூண்டு அவளுக்கு எப்போதும் 'அவன்'தான்.

இவன் சோபாவின் பின்னால் குனிந்தான். ஒரு துண்டை எடுத்துப் பூனையின் வாயருகே கொண்டுபோனான். உதட்டில் தடவினான்.

முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவளைப் போலவே.

"சாப்பிடுறானா?"

பூண்டு இவனையே பார்த்தது. முதுகெலும்பு முடிக்கு மேலே தெரிந்தது.

கிண்ணத்திலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தான். கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். எழுந்து நிலைப்படிக்கு வந்தான்.

"ரெண்டு துண்டு போயிடுச்சு."

சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வாய் எடுத்தாள்.

மென்றாள். வெகுநேரம் மென்றாள்.

விழுங்கினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்னொரு வாய்.

இந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் லேசான சிரிப்பு.

"பார்த்தீங்களா, பழகிட்டான். இன்னும் கொஞ்சம் வைங்க அவனுக்கு."

சரி என்று தலையாட்டினான். மூடிய கைக்குள் துண்டுகள் இன்னும் ஆறவில்லை.

சோபாவின் பின்னாலிருந்து பூண்டு மெல்ல எழுந்தது. கிண்ணத்தைத் தாண்டி, இவன் காலையும் தாண்டி நடந்தது.

ஃபிரிட்ஜின் முன்னால் போய் உட்கார்ந்தது.