உப்பிட்டவன்

எங்கிருந்தோ மண் மூட்டையோடு வந்து பெருகிவிட்ட ஓடில்லாத நத்தைகளைப் பொறுக்கி, வாளியில் போட்டு உப்புக் கொட்டுவதுதான் நாற்றுப்பண்ணையில் என் வேலை. நுரைத்துச் சளியாகிவிடும். அந்த அசிங்கம் வீட்டுக்குள் வரக்கூடாதென்று வாசலிலேயே மூன்று முறை கை கழுவுவேன். மகளுக்குச் சோறு ஊட்டும் கை.

“உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும். அதுங்க உன்னை மறக்காதுய்யா,” என்று மனைவி கேலி செய்வாள்.

திங்களன்று வாளி காலியாக இருந்தது. பிசுபிசுத்த தடம் பண்ணை வாசலைத் தாண்டிப் போயிருந்தது.

“காக்கா தின்னிருக்கும்,” என்றார் மேஸ்திரி.

புதன் மதியம் வீட்டில் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். குழம்பில் உப்புக் குறைவு. ஜாடியைத் திறந்தேன். உள்ளே நத்தைகள் அடைந்து கிடந்தன. முதுகில் கல்லுப்பு ஒட்டியிருந்தது. கொம்புகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

“அதுலருந்துதான்யா ரெண்டு நாளா போடுறேன்,” என்றாள் மனைவி, எட்டிப் பார்க்காமலே.

“இன்னொரு வாய் குடுப்பா,” என்று மகள் வாயைத் திறந்தாள்.