இடது கால்

இளம் வயதில் ரோசலின் குரூப் டான்ஸ் ஆடிய அந்தப் படத்தை வீட்டுத் திரையில் எப்போது போட்டாலும் அவளைக் காண முடியாது. கதாநாயகிக்குப் பின்னால் ஆடிய பெண்களுக்கெல்லாம், பழைய படத்தைப் புதுப்பித்த மென்பொருள் ஒரே முகத்தை ஒட்டி, பிசகில்லாமல் ஆட வைத்திருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கணவர் அருளப்பன் சிரிப்பார். "எங்கடி ஆடுன? எல்லாம் ஒரே மூஞ்சியால்ல இருக்கு!"

மதுரையில் ஒரு தியேட்டருக்குத் திருத்தாத பழைய பிலிம் பெட்டி ஒன்று கிடைத்தது. ரோசலின் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

திரையில் கீறல்கள் மழையாய்ப் பெய்தன. பாட்டு வந்தது. எல்லோரும் வலது காலை வீச, கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் இடது காலை வீசிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்காகத்தான் டான்ஸ் மாஸ்டர் படப்பிடிப்பு அன்றைக்கு அவளைத் திட்டித் துரத்தினார்.

"அந்தப் பிள்ளையப் பாருங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். விசில் பறந்தது.

அருளப்பன் திரும்பிப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் ரோசலின் அதேபோல நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

"அது எம் பொண்டாட்டிடா! ஒன்ஸ்மோர்!"

தியேட்டர் மொத்தமும் அவரோடு சேர்ந்து கத்தியது. ஆபரேட்டர் சுருளைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினார்.

இரண்டாம் முறையும் ரோசலின் தப்பாகவே ஆடினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.