மேஸ்திரியின் கொக்கி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நெஞ்சு பதறும் கதை ஒன்று சொல்கிறேன்.

இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கிக் கண்ணாடி துடைப்பது மேஸ்திரியின் தொழில். தினமும் அவர் இறங்குமுன், அவருடைய மைத்துனன் அந்தக் கயிற்றைத் தொட்டுக் கும்பிடுவான்.

அன்று மேஸ்திரிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“போதும் மச்சான்! இத்தனை வருஷமா நான் விழலைன்னா அது என் கைத்திறமை. உன் சாமியா கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்குது?”

“ஒரே நிமிஷம் அத்தான்...”

“கயித்தைத் தொட்டே, நாளைக்கு வேலைக்கு வராதே!”

கைப்பிடிச் சுவரில் ஏறி, ஒரு காலை வெளியே போட்டார்.

மைத்துனன் பாய்ந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தான்.

“அத்தான், இடுப்பைப் பாருங்க!”

பெல்ட்டுக் கொக்கி கயிற்றில் மாட்டாமல் வெறுமனே தொங்கியது. மேஸ்திரி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“மாட்ட... மறந்துட்டேனா?”

“இந்த மாசத்துல இது நாலாவது தடவை. கும்பிடக் கயித்தைத் தொடுவேன்ல, அப்போதான் கொக்கி மாட்டலைன்னு தெரியும். சத்தமில்லாம மாட்டி விட்டுடுவேன்.”

“ஏன்டா சொல்லலே?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

மேஸ்திரி சுவரிலிருந்து உள்பக்கமாக இறங்கிவந்து கொக்கியை மாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“சாமிகிட்ட என்னன்னு சொல்லுவே? எனக்கும் சொல்லிக்குடு.”

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வரட்டும், கண்ணுகளா.